பதினேழாவது குரூப்

அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறை, எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஏசி உண்டு, ஆனால் அது மனிதனுக்காகப் போட்டதல்ல, மெஷினுக்காகப் போட்டது. அந்தக் குளிரில் பதினோரு வருடமாக ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் சர்வர் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட்காரர் கதவைத் தாண்டும்போதெல்லாம் "சர்வர், ரெண்டு டீ!" என்று குரல் கொடுப்பார். "பால் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்பார் இவர். பதினோரு வருடமாக இதே ஜோக். இரண்டு பேருக்கும் இன்னும் சலிக்கவில்லை.

யார் எதைத் திறக்கலாம் என்று பார்த்துக்கொள்வதுதான் சர்வரின் வேலை. ஒவ்வொரு வார்டுக்கும் எண் போட்ட ஒரு குரூப், ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு ஃபோல்டர். குரூப்பில் பெயர் இல்லாதவருக்கு அந்த ஃபோல்டர் கண்ணிலேயே படாது.

பொருள் கிடங்கைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணிக்கு ஸ்டோரக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. கையுறை, ஊசி, பினாயில், பஞ்சு, எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும். முறைப்படி பார்த்தால், வார்டு குமாஸ்தா தேவைப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வரவேண்டும். மூன்று மாடி இறங்க யாருக்கு மனம் வரும்? "ஸ்டோரக்காவை எங்கள் குரூப்பிலும் சேர்க்கவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி சர்வருக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டியலைத் தங்கள் ஃபோல்டரில் போட்டுவிடுவார்கள், இனி அதைத் தேடி எடுப்பது அக்காவின் பாடு. ஒரு வார்டு செய்ததைப் பார்த்து அடுத்த வார்டும் செய்தது. அக்காவுக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் ஆளாளுக்கு ஏற்றினார்கள்.

மெஷினுக்கு ஒரு வரம்பு உண்டு. பழைய மாடல், ஓர் ஆளுக்குப் பதினாறு குரூப்தான் கணக்கில் எடுக்கும். பதினேழாவதைச் சேர்த்தால் சண்டை போடாது, வாங்கிக்கொள்ளும். ஆனால் எண் வரிசையில் முதல் பதினாறை வைத்துக்கொண்டு, கடைசியில் நிற்பதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இது சர்வருக்குத் தெரியும். யாரும் கேட்காமலே ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். யாராவது பதினாலைத் தொட்டால் தினமும் காலை ஆறு மணிக்கு எச்சரிக்கை மெயில் போகும். போகிற இடம் இரண்டு: ஒன்று அவருக்கு, இன்னொன்று நிர்வாக அதிகாரிக்கு.

புரோகிராமைப் பற்றி மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"அந்தப் பதினாலைத் தொட்டவங்க யார் யாரு?" என்றார் மனைவி.

"ஸ்டோரக்கா மட்டும்தான்."

"அப்ப அது கம்ப்யூட்டருக்கு வந்த வியாதி மாதிரி தெரியலையே."

ஒன்பதாவது நாள் அதிகாரி கூப்பிட்டார்.

"என்னய்யா, விடிஞ்சும் விடியாம அபாயம் அபாயம்னு மெயில் அனுப்புற? போனை எடுத்தாலே உன் மெயில்தான்."

"பதினாலு ஆயிடுச்சு சார். இன்னும் ரெண்டுக்குத்தான் இடம்."

"ரெண்டு இருக்குல்ல? தீர்ந்தப்புறம் வந்து சொல்லு."

"தீர்ந்தா வெளியில தெரியாது சார். அதனாலதான் முன்னாடியே..."

"எனக்கு அனுப்பாத. வேற எங்கயாவது அனுப்பித் தொலை."

சர்வர் மெயிலை நிறுத்தினார். எச்சரிக்கை ஒரு ஃபைலில் போய் விழும்படி மாற்றினார். அந்த ஃபைலை யாரும் திறக்கமாட்டார்கள். கொஞ்ச நாளில் அவரும் திறப்பதை விட்டுவிட்டார். அதிகாரி வாயை மூடச் சொன்னார், இவர் மூடிக்கொண்டார். இதற்கு வேறு பெயர் வைத்து அழகுபடுத்த வேண்டியதில்லை.

நாலு மாதத்தில் பதினாலு பதினைந்தானது, பதினாறானது. ஒரு வெள்ளிக்கிழமை சமையல்கூடத்திலிருந்தும் சீட்டு வந்தது. சர்வர் அப்போது பிரின்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தார். ஒரு கையால் அதை இழுத்தபடியே மறு கையால் அக்காவைச் சேர்த்துவிட்டார். சமையல்கூடம் பழைய பிரிவு, அதன் எண் சின்னது. டயாலிசிஸ் புதிதாக வந்தது, அதன் எண்தான் கடைசி. சமையல்கூடம் உள்ளே வந்ததும் டயாலிசிஸ் வெளியே போனது.

அக்காவின் திரையில் அந்த ஒரு பெயர் மட்டும் காணாமல் போனது. அவருக்கு நின்று எண்ணிப் பார்க்க நேரமில்லை. டயாலிசிஸ்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை போல என்று இருந்துவிட்டார். அவர்களோ சிறுநீரக ஃபில்டர் வேண்டும் என்று திங்கள்கிழமை எழுதியிருந்தார்கள், செவ்வாய்க்கிழமை மறுபடியும் எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை இருப்பு தீர்ந்தது. படுக்கையில் கையை நீட்டிப் படுத்திருந்த நாலு நோயாளிகளை எழுப்பி, வேனில் ஏற்றி வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாலு பேரும் உயிரோடு திரும்பினார்கள். அதில் ஒருவருடைய மகன் வராந்தாவில் நின்று கத்தினார். கத்தாமல் என்ன செய்வார்? சாயங்காலத்துக்குள் ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. ஸ்டோரக்காவுக்கு மெமோ போனது: கடமையில் கவனக்குறைவு, ஏன் சஸ்பெண்ட் செய்யக்கூடாது, சனிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா மாடிப்படிக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார்.

"தம்பி, இருபத்தாறு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல. அந்த லிஸ்ட் எனக்கு வரவே இல்லைங்கிறேன், ஒருத்தனும் நம்பமாட்டேங்கிறான். நீ பாத்துச் சொல்லு. நான் கவனிக்காம விட்டிருந்தா, ஆமா விட்டேன்னு ஒத்துக்கிறேன்."

சர்வர் குரூப்புகளை எண்ணினார். பதினேழு. மறுபடி எண்ணினார். பதினேழுதான்.

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்று மட்டும் சொன்னார்.

அக்கா போனதும் அந்த ஃபைலைத் திறந்தார். நூற்று முப்பத்தொரு வரிகள். நாளுக்கு ஒன்று. கடைசி வரி அன்று காலை ஆறு மணிக்கு எழுதியது. அழிக்க ஒரு கட்டளை போதும். சமையல்கூடத்தை எடுத்துவிட்டால் டயாலிசிஸ் தானாகத் திரும்பிவிடும். அந்தக் கட்டடத்தில் இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

சாயங்காலம் வீட்டில் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி கேட்டுக் கேட்டு விஷயத்தைப் பிடுங்கினார்.

"அழிச்சிட்டா?"

"யாருக்கும் தெரியாது."

"அந்தக்காவுக்கு?"

"சஸ்பெண்ட் ஆகும்."

"சொல்லிட்டா உங்களுக்கு?"

"மெமோ வரும். அதிகாரி எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிகிழின்னு கிழிப்பாரு."

"அப்ப நல்ல சட்டையா ஒண்ணு தேய்ச்சு வைக்கிறேன். கிழிபடப்போற ஆளு கசங்கியா போறது?"

சனிக்கிழமை, தலைமை மருத்துவர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அதிகாரி. அக்கா நின்றுகொண்டிருந்தார். சர்வர் அந்த ஃபைலை அச்சடித்த ஐந்து தாள்களை மேஜையில் வைத்தார்.

"இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் மேடம், தனியாப் பாத்துக்கலாம்" என்றார் அதிகாரி.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் மருத்துவர், சர்வரைப் பார்த்து.

"அவங்க பாக்காம விடல மேடம். பாக்க முடியாம நான்தான் பண்ணிட்டேன். ஒரு ஆளுக்குப் பதினாறு குரூப்தான் தாங்கும். நான் பதினேழாவதைச் சேர்த்தேன். இப்படி ஆகும்னு தினமும் எச்சரிக்கை எழுதியிருக்கு. நூத்தி முப்பத்தோரு நாள்."

"யாருக்கு எழுதியிருக்கு?"

"முதல்ல எனக்கும் சாருக்கும் போச்சு. அப்புறம் யாருக்கும் போகல."

"ஏன்?"

அதிகாரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் வேணாம்னாரு. நான் சரின்னுட்டேன்."

மருத்துவர் தாள்களை மடித்து வைத்துவிட்டு அக்காவிடம், "மெமோவைப் பெருசா எடுத்துக்காதீங்க, விட்டுடலாம்" என்றார்.

"வாயாலயா மேடம் குடுத்தீங்க?" என்றார் அக்கா. "எழுதிக் குடுத்தீங்கல்ல, எழுதியே வாபஸ் வாங்குங்க."

எழுதி வாங்கிக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வந்தார். சர்வரின் பணிப் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை ஏறியது. அதிகாரிக்கு ஒன்றும் வரவில்லை. வராது.

வராந்தாவில் அக்கா நின்றார். நன்றி சொல்வார் என்று சர்வர் நினைத்திருந்தால் அது அவர் தப்பு.

"நாலு மாசமா தெரியும்ல உனக்கு?"

"தெரியும்க்கா."

"பேனா வாங்க, பேப்பர் வாங்கன்னு என் ரூமுக்கு எத்தனை தடவ வந்திருப்ப? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலயா? அவருக்கு மெயில் அனுப்பினானாம், மெயில்!"

எச்சரிக்கை முழுக்க அக்காவைப் பற்றியது. அக்காவுக்கு அனுப்பவேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

திங்கள்கிழமை அக்கா ஒரு தாளோடு வந்தார். பதினேழு குரூப்பும் வரிசையாக எழுதி, ஒன்பதைப் பேனாவால் அடித்திருந்தார்.

"அடிச்சதுலெல்லாம் என்னை எடுத்துடு. டயாலிசிஸ் இருக்கட்டும், அதை நானே பாத்துக்கிறேன். மத்தவங்க லிஸ்ட்டைக் கையில எடுத்துக்கிட்டு ஸ்டோருக்கு வரட்டும். கால் இருக்கில்ல?"

"எடுக்கிறதுக்கு சார் கையெழுத்து வேணுமேக்கா."

"சேர்க்கும்போது எவன் கையெழுத்தைக் கேட்ட?"

சர்வர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்தார். எட்டில் வந்து நின்றது. அக்கா பின்னால் நின்று கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பதினொரு மணிக்கு டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது. "ஆமாங்க, எடுத்தாச்சு. இல்லங்க, திரும்பச் சேர்க்க முடியாது. சார்கிட்ட சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க." ஆறாவது போனை வைத்தபோது, அறுவை சிகிச்சை வார்டின் குமாஸ்தா கையில் பட்டியலோடு மூச்சு வாங்க வாசலில் நின்றார். ஒன்பது வருடமாக அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்.

"சர்வர், இந்த ஸ்டோர் எந்தப் பக்கம் இருக்கு?"