பொனட்டுக்குக் கீழே மட்டும்

குவைத்தில் பிறர் வீடுகளைத் துடைத்தே இளமையைக் கழித்த சபூரா, ஓட்டமாவடிக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று, பெட்டியை நடுவீட்டில் வைத்துவிட்டுக் கணவரிடம் முதலில் சொன்னது இதுதான்:

"இனி விளக்குமாத்த நான் தொடமாட்டன். வீடு எப்பிடிக் கிடந்தாலும் கிடக்கட்டும்."

பயணக் களைப்பில் பேசுகிறாள் என்று பாறூக் நினைத்தார். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, களைப்பு தீரவில்லை. கடைசியில் அவரே விளக்குமாற்றை எடுத்தார். வாழைச்சேனையில் சாறன் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். கடையைக் கூட்டும் கைக்கு வீட்டைக் கூட்டுவது பெரிய காரியமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் கூட்டுவார். யன்னல் கம்பியிலும் காற்றாடி இலையிலும் தூசி படிந்தே இருந்தது. வந்துபோகும் உறவுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுச் சபூராவைப் பார்ப்பார்கள். சபூரா அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பாள்.

பிறகு அவள் கார் வாங்கினாள். சின்னச் சிவப்பு ஜப்பான் கார். செங்கலடியில் ஓட்டப் பழகி, முதல் தடவையிலேயே லைசென்ஸும் எடுத்துவிட்டாள். பாறூக்கிடம் எத்தனையோ வருடமாக லைசென்ஸ் இருந்தது. ஆனால் எதிரே பொலன்னறுவை பஸ் வந்தால் அவருடைய கால் எந்த மிதியையும் தேடாமல் இருக்கைக்கு மேலே ஏறிவிடும். ஆகவே அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் இருந்தார். ஊர்க்காரர்கள் காரை மறித்து, யன்னலுக்குள் குனிந்து, ஓட்டுகிறவளைத் தாண்டி, நானா என்று அண்ணன் முறை சொல்லி அவரிடம் கேட்டார்கள்:

"நானா, கார் எப்பிடி, நல்லா இழுக்குதா?"

"பரவாயில்ல, இழுக்குது" என்பார் பாறூக்.

அவர்கள் வீட்டு வளவுக்குப் பக்கத்தில் நெல் மில் ஒன்று இருந்தது. அறுவடைக் காலத்தில் உமித்தூசி காற்றோடு வந்து எல்லாவற்றிலும் படியும். வீட்டில் படிந்ததைச் சபூரா கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் பொனட்டைத் திறந்தபோது, எஞ்சினில் கசிந்திருந்த எண்ணெயோடு உமி ஒட்டிக் கம்பளிபோல் தடிப்பாகக் கிடந்ததைக் கண்டாள். சூட்டில் இது பற்றிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தியிலிருந்த வாகனம் கழுவும் இடத்துக்குக் கொண்டு போனாள். அங்கிருந்தவர், ஓடி வந்த சூடு ஆறமுன்பே, பெரிய குழாயை நேரே எஞ்சினுக்குள் பிடித்து அடித்தார். எஞ்சின் பளபளத்தது. பளபளத்தபடியே ஓட்டமாவடிப் பாலத்தின் நடுவில் போய் நின்றது. பின்னால் பஸ்கள் கோர்ன் அடிக்க, பாறூக் தள்ளினார். பாலத்தில் நடந்து போனவர்கள், "நானாவுக்கு ஓட்டம் இன்னும் பிடிபடல்ல" என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

கார் காய்ந்து, மெக்கானிக் இணைப்புகளை எல்லாம் துடைத்துக் கொடுத்த பிறகு, சபூரா முடிவெடுத்தாள். இனி எஞ்சினை அவளே சுத்தம் செய்வாள்.

"துடைக்கிற வேல வேணாம் எண்டு சொன்னீங்களே" என்றார் பாறூக்.

"அது மத்த ஆக்கள்ற வீடு. இது என்ட எஞ்சின்."

நம்முடைய வீடு இதில் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்க வாயெடுத்தார். பிறகு விளக்குமாற்றைத் தேடி உள்ளே போனார்.

குவைத்து வீட்டில் சாரதியாக இருந்த நேபாளக்காரர் செய்வதைச் சமையலறை யன்னலால் அவள் பலமுறை பார்த்திருந்தாள். மிச்சத்தைக் காரோடு வந்த கைநூலிலும் தொலைபேசி வீடியோக்களிலும் பார்த்துக்கொண்டாள். கார் எங்கும் ஓடாத காலைவேளையில்தான் வேலை தொடங்கும். சாவியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போடுவாள். எஞ்சினுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து, சூடு இல்லை என்று உறுதி செய்வாள். கையுறை போட்டு, முக்காட்டின் நுனியை இறுக்கிச் செருகி, பற்றரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுவாள். காய்ந்த உமியைப் பிரஷால் தட்டி எடுப்பாள். பிறகு, தண்ணீர் இறங்காமல் கட்டுவதற்குப் பிளாஸ்டிக் ஷொப்பிங் பேக்குகள். பியூஸ் பெட்டி, பற்றரிக்குக் கரண்ட் ஏற்றும் அல்டனேட்டர், எஞ்சின் காற்று இழுக்கும் வாய், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பேக்கைச் சுற்றிக் கட்டுவாள்.

முதல் தடவை பாறூக் ஒரு போத்தல் மண்ணெண்ணெயோடு வந்தார்.

"இதப் போட்டாப் பளபளக்கும்."

"பளபளக்கும். மறுகா சூட்டுல பத்தும். கொண்டுபோய் வைங்க."

எண்ணெய்க் கறைக்கென்று கடையில் விற்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பிரஷால் தேய்த்து, பூஞ்செடிக்கு அடிக்கும் சின்னத் தெளிப்பானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவித் துணியால் ஒற்றி எடுப்பாள். கீழே உமியைப் பரப்பி வைத்திருப்பாள். ஒழுகும் எண்ணெய்த் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஆற்றுக்குப் போகாமல் உமியே குடித்துவிடும். பேக்குகளை அவிழ்த்து, பொனட்டைத் திறந்தபடி நன்றாகக் காயவிட்டு, கடைசியில்தான் மைனஸ் வயரைப் பூட்டுவாள். இவ்வளவு நேரமும் பாறூக்கின் வேலை துணி எடுத்துக் கொடுப்பது.

அப்படித் துணியோடு அவர் நின்ற ஒரு காலையில், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அப்ஹாம் ஸேர் அந்த வழியால் வந்தார். எஞ்சினை எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.

"பாறூக், இதுல சோறு போட்டுத் திங்கலாமே."

சபூரா அப்போதுதான் கைகழுவ உள்ளே போயிருந்தாள். பாறூக்கின் கையில் துணி இருந்தது. பாராட்டு அவரைத் தேடிப் பல வருடமாக வந்ததில்லை.

"கொஞ்சம் கைப்பழக்கம் ஸேர்" என்றார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. சபூரா வெளியே வந்தாள். பாறூக்கின் கையிலிருந்த துணியை வாங்கி, நான்காக மடித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அதுதான் பாறூக்குக்குப் பயமாக இருந்தது.

சில வாரம் கழித்து அவள் காரை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம், அப்ஹாம் ஸேர் தன் வேனோடு வாசலில் வந்து நின்றார். மறுநாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பொலன்னறுவைக்குப் போக வேண்டுமாம். மாப்பிள்ளையின் வாப்பா கராஜ் வைத்திருப்பவராம். பொனட்டைத் திறந்து பார்க்காமல் விடமாட்டாராம்.

"உங்கட கை பட்டாக் காணும், வேற ஒண்டும் வேணாம்" என்றார் ஸேர்.

பாறூக் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பார்த்தது ஒழுங்காக ஞாபகமும் இருந்தது, வரிசையைத் தவிர. ஷொப்பிங் பேக்குகளைக் கட்டினார். வேன் இப்போதுதான் ஓடி வந்தது என்பது மனதில் வரவில்லை. ஸேர் பார்த்துக்கொண்டிருந்ததால், தெளிப்பான் மரியாதைக் குறைவாகப் பட, தோட்டக் குழாயையே திருப்பினார். சுடு எஞ்சினில் தண்ணீர் பட்டதும் சீறி ஆவி எழுந்தது. இருவரும் வாசல் வரை ஓடினார்கள்.

"இது இப்பிடித்தானா?" என்று கேட்டார் ஸேர்.

"சில வேனுக்கு இப்பிடி" என்றார் பாறூக்.

ஆவி அடங்கியதும் ஸேர் வேனை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். இரண்டு இருமல் இருமி அது அடங்கியது. மறுபடியும் அப்படித்தான். பாறூக் உள்ளே போய், ஒளித்து வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து மூடியைத் திருகினார். அந்த நேரத்தில் சிவப்புக் கார் வளவுக்குள் நுழைந்தது.

"மூடிய மூடுங்க" என்றாள் சபூரா, காரிலிருந்து இறங்காமலே.

அவள் வேனருகே வந்தபோது ஸேர் கையைக் காட்டி மறித்தார். "நீங்க தள்ளி நில்லுங்க தங்கச்சி. கரண்டு வேல, ஆம்புளையள் பாத்துக்கொள்ளுவம்."

சபூரா நின்றாள். பாறூக்கைப் பார்த்தாள். அவர் போத்தலைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். நாளைக்கு ஒரு பிள்ளையின் கலியாணக் காரியம்.

"ஸேர்" என்றார், "கைப்பழக்கம் எனக்கில்ல. எல்லாம் அவதான். நான் துணி மட்டும்தான் குடுக்கிற."

ஸேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முகம் தெளிந்தது.

"அப்ப நீங்க அவவுக்குப் பழக்கிக் குடுத்திருக்கிறீங்க" என்றார்.

சபூரா அதற்குள் கையுறை போட்டுவிட்டாள். சாவியை வாங்கினாள், எஞ்சின் ஆறும்வரை இருவரையும் கதிரையில் இருக்கச் சொன்னாள், மைனஸ் வயரைக் கழற்றினாள். காற்று இழுக்கும் வாயில் இன்னும் இறுக்கிக் கட்டியிருந்த ஷொப்பிங் பேக்கை அவிழ்த்து, பாறூக்கின் மடியில் போட்டாள். ஈரத்தை ஒவ்வொரு மூலையிலும் ஒற்றி எடுத்துப் பின்னேரம் வரை காயவிட்டாள். வேன் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

பொலன்னறுவைக்காரர் பொனட்டைத் திறக்கவே இல்லையாம். வேனில் வந்தவர்களை மட்டும் பார்த்தாராம். கலியாணம் பேசி முடிந்தது. ஊரில் கதை வேறுவிதமாகப் பரவியது. பாறூக் நானா பொண்டாட்டிக்கும் வேலை பழக்கிவிட்டார், பெரிய மனது என்றார்கள். அவர் ஒவ்வொரு முறையும் மறுத்தார். மறுக்க மறுக்க, அடக்கமான மனுஷன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

நம்பாதவள் ஸேரின் மனைவி ஸுஹைனா மட்டும். ஒரு சனிக்கிழமை காலை அவள் தனியாக வந்து, அபாயாக் கையைச் சுருட்டிக்கொண்டு காரருகே நின்றாள்.

"எனக்கும் காட்டித் தாங்க ராத்தா. மறுகா ஓட்டவும் பழகணும்."

"ஸேருக்குத் தெரியுமா?"

"மீன் வாங்கப் போறன் எண்டு சொல்லிட்டு வந்தன்."

சபூரா பொனட்டைத் திறந்து கம்பியை ஊன்றினாள். பாறூக் தேத்தண்ணீர் போட உள்ளே போனார்.

"அப்ப முடிஞ்ச கையோட சந்தைக்குப் போவம்" என்றாள் சபூரா. "திரளி மீன் வந்திருக்கும்."