மரத்தடியில் வைத்த சோறு

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் கேட்டைத் தாண்டிச் சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். ரேஷன் அரிசி எங்கள் கைக்கும் வாய்க்குமே போதவில்லை. இதில் காட்டுக்கு வேறு படியளந்தோமாம்!

அக்காவும் நானும் அடுத்தடுத்த நிரையில் சீவினோம். இலையெல்லாம் கொட்டி மரங்கள் மறுபடி துளிர்த்ததும், முதல் நாள் கத்தி வைக்கும்முன் ஓரத்து மரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு பிடி சோறு வைப்பது எங்கள் வழக்கம். வைக்காவிட்டால் கத்தி கையைப் பதம் பார்த்துவிடும் என்று பயம். அந்த வருடமும் அக்கா வைத்தாள். ரப்பர் பால் வாளிக்குள் இலையில் மடித்து மறைத்துக் கொண்டுபோனாள்.

"சாமிக்கு வைக்கிறது எப்படிடி சோறாகும்? அது படையல் லா" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

எங்களை மேய்க்கும் மண்டோர் பார்த்துவிட்டார். மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில் எல்லார் பேரையும் கூப்பிட்டார்கள், அக்கா பேரைக் கூப்பிடவில்லை. ஒழுங்கீனமாம், வேலை கிடையாதாம். வேலை போனால் லயத்து வீடும் போகும். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு நின்றவள் அவள். போலீசில் பிடித்துக் கொடுக்காதது வெள்ளைக்காரத் துரையின் பெரிய மனசு என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேறு சொன்னார். திருடனைக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே அடிக்கிறார்கள்?

பக்கத்து டவுன் ஜாசினுக்குப் போய்த் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். "அந்தம்மாவ விசாரிக்காம வேலைய விட்டு நிறுத்துறது நியாயமில்ல" என்று அவர் ஆபீஸ் வாசலில் பிடிவாதமாக நின்று ஒரு விசாரணை வாங்கிக் கொடுத்தார்.

துரை இங்கிலீஷில் கேட்டார். கிராணி தமிழில் சொன்னார். அக்கா மூச்சு விடாமல் பேசினாள்.

"ஐயா, முனியாண்டிக்குத்தான் வச்சேன். ஒளிச்சுக் கொண்டுபோனது தப்புன்னா அதுக்குத் தண்டன குடுங்க, வாங்கிக்கிறேன். காட்டுல உள்ளவனுக்குக் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. திருவிழாவுக்குத் தொரையே ஆடு குடுக்குறாரு, அதே முனியாண்டிக்குத்தான் வெட்டுறோம். அந்தக் கறி மட்டும் காட்டுக்குப் போகாதா?"

கிராணி துரை பக்கம் திரும்பி நாலைந்து சொல்லோடு முடித்துக்கொண்டார். சங்கத்துக்காரர் துள்ளி எழுந்தார். "என்னங்க கிராணி, சோறு வச்சத ஒத்துக்கிட்டாங்கன்னு மட்டும் சொல்றீங்க? மிச்சத்த யாரு சொல்றது?"



துரைக்குத் தமிழ் தெரியாதா என்ன? தினமும் பெரட்டில் எங்கள் அப்பன் ஆத்தாளை இழுத்து வைகிறவர் தமிழில்தான் வைவார். நியாயம் கேட்கிற அன்றைக்கு மட்டும் அவருக்கு அது மறந்துபோயிற்று. அக்கா அவர் மேசைக்கு நேரே போய் நின்றாள்.

"திட்டுறப்ப தமிழ் வருதுல்ல தொர? நான் சொன்னதையும் தமிழ்லயே கேளுங்க."

துரை நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். "போ" என்றார்.

அதற்குக் கிராணி தேவைப்படவில்லை.