ரிஸ்மியும் நானும் இரண்டு படகுகளும்

ரிஸ்மி போய்விட்டான்.

காலையில் அவன் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப். "நாநா மௌத்தாகிட்டாரு. அஸர் தொழுதிட்டு அடக்கம்." அவ்வளவுதான்... கடையில் கதிரையில் உட்கார்ந்தபடியே நெஞ்சு வலி என்றானாம். நாற்பத்தொரு வயது.

மத்தியானம்தான் நாவலப்பிட்டியில் பஸ் ஏற முடிந்தது. கம்பளையில் நெரிசல், பேராதனையில் அதைவிட நெரிசல். குண்டசாலையில் இறங்கும்போது பின்னேரத் தொழுகையும் அடக்கமும் முடிந்து எல்லோரும் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டில் பலருக்கு அவனைத் தெரியாது. குண்டசாலையில் அவன் வாப்பாவின் டயர்க் கடை. அந்த டயர்க் கடைக்காரன்தான் இந்த நாட்டில் என்னை விட நன்றாகப் பாய்மரப் படகு ஓட்டியவன்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் நாங்கள் ஓட்டிய ரகப் படகு இரண்டே இரண்டு. ஒரு ஆள் மட்டும் ஓட்டுவது. ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது. இரண்டுமே செகண்ட் ஹேண்ட்.

தனியாக ஓட்டினால் வேகமாகப் போகிறோமா, மெதுவாகப் போகிறோமா என்றே தெரியாது. பக்கத்தில் இன்னொரு படகு இருந்தால்தான் தெரியும். ஏழு வருஷம் எனக்குப் பக்கத்துப் படகு அவன்தான், அவனுக்கு நான்.

கொழும்பில் ரெகாட்டா என்கிற படகுப் போட்டிகளுக்குப் போனால் கேலி செய்வார்கள். "மலையில எங்க மச்சான் படகு ஓட்டுறீங்க, தேயிலைக்கு மேலயா?" ரிஸ்மி சிரித்துவிட்டுப் போவான். அடுத்த நாள் அவர்களை முந்திக்கொண்டும் போவான்.

படகுகளைக் கடை லொறியில்தான் கொண்டுபோவோம், டயர்களுக்கு மேலே. ஒரு தடவை கடுகண்ணாவையில் பொலிஸ் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டது. "ஒலிம்பிக்குக்கு சேர்" என்றான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அந்தப் பொலிஸ்காரர் படகுகளைப் பார்த்தார், டயர்களைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே அந்தப் பைத்தியம் இருந்தது.

நான் அப்போது அறுபத்தெட்டுக் கிலோ. கடல் காற்றில் அந்தப் பாயைப் பிடிக்க எண்பதாவது வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் உம்மா சமைத்த புரியாணியில் எனக்கு ஒரு பார்சல் கொண்டுவருவான்.

"திண்டு முடி மச்சான். காத்து வந்தா நீ திருகோணமலைக்கே பறந்துருவ."

"நான் வெயிட் போட்டா உன்னைத்தான்டா முந்துவேன்."

"முந்து. அப்பதான் எனக்கும் வேகம் வரும்."

இப்படி ஒரு போட்டியாளனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா... நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

தெரிவுப் போட்டி திருகோணமலையில். ஆசியத் தகுதிச் சுற்றுக்கு ஒருவர்தான் போகலாம். கடைசி ரேஸுக்கு வரும்போது நானும் அவனும் சமம். யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்கு டிக்கெட்.

படகுகள் திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் மேல் மிதவையை நான் முதலில் திரும்பினேன். என் தோள் மிதவையில் பட்டது. லேசாக... ஆனால் பட்டது.

எங்கள் விளையாட்டில் தண்ணீருக்கு நடுவே விசில் ஊத ஒரு ரெஃப்ரி இல்லை. மிதவையைத் தொட்டவன் தானாகவே ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் சுற்ற வேண்டும். அதுதான் வழக்கம்.

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு படகு நீளம் பின்னால் ரிஸ்மி. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றினால் அவன் முந்திவிடுவான் என்று தெரியும்.

நான் சுற்றவில்லை.

"புரொட்டெஸ்ட்" என்று அவன் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும், கரையில் விசாரணை வந்திருக்கும். கத்தவில்லை. நான் சுற்றுவேன் என்று கடைசி வரைக்கும் காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன்.

கரையில் பாயைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்தான்.

"மச்சான், நீ சுத்தலயே?"

"எதுக்கு?"

என் பாயின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டினான். "ஒண்டுமில்ல... வா, சாப்பிடுவோம்."

அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

தகுதிச் சுற்றில் நான் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் முடித்தேன். ஒவ்வொரு பின்னேரமும் அவன் போனில் கோல் எடுத்து, எந்தப் பக்கத்துக் காற்று, பாயை எவ்வளவு இழுத்தாய் என்று கேட்பான். நான் பதில் சொல்லிவிட்டு, ஹோட்டல் கட்டிலில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு தனிமையை நான் வாழ்க்கையில் உணர்ந்ததில்லை.

வந்த பிறகு வேலை என்று சொல்லி நீர்த்தேக்கத்துக்குப் போவதைக் குறைத்தேன். பிறகு நிறுத்தினேன். அவன் ஒரு வருஷம் தனியாக ஓட்டினானாம். பக்கத்தில் படகு இல்லாமல்.

இன்றைக்கு வீட்டுக்குள் போனதும் அவன் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வந்திருந்தவர்களிடம் காட்டினார்.

"இவர்தான் எங்கட மகனத் தோக்கடிச்சிட்டு வெளிநாட்டுக்குப் போனவர். இவரப் பத்தி ஒரு குறை செல்ல மாட்டான். நேர்மையா ஓடி வெண்ட மனிசன் எண்டுதான் செல்லுவான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்தார்கள், குடித்தேன்.

பஸ்ஸில் வந்து போனைத் திறந்தால், நான் தகுதிச் சுற்றுக்குப் போனபோது ஏர்போர்ட்டில் எடுத்த பழைய படத்தை யாரோ ஷேர் செய்து என்னை டேக் பண்ணியிருக்கிறார்கள். 'கண்டியின் பெருமை' என்று.

தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அதில் நிற்க வேண்டியவன் ரிஸ்மி.

அவன் வாப்பாவிடம் நாளைக்கு நேரில் போய்ச் சொல்வேன். இங்கே முதலில் எழுதுவது, நாளைக்கு நான் பின்வாங்காமல் இருப்பதற்கு.

தொட்டேன் மச்சான். சுத்தல.

போய் வா.