அவரை யாராவது கூப்பிட வேண்டும் என்று கேட்டேன்

அன்பான சகோதரங்களே, என் கணவர் அன்ரன் இறந்து மாதாவின் மாதமான இந்த மே மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இறந்துபோனவரைப் பற்றி என்ன சாட்சி சொல்ல இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல மாதம் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இந்தச் செபக் கூட்டத்தில் இவ்வளவு நாளும் எழும்பி நிற்கவில்லை.

என் பெயர் ரெஜினா. செவன் கிங்ஸில் இருக்கிறேன். எங்கள் மகள் ஷெரின் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த குடும்பம் நாங்கள். வந்த நாளிலிருந்து நானும் அவரும் டகனம் பக்கத்தில் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை. வீட்டுச் சுவர்களில் பொருத்துகிற மின்சார சொக்கெற் செய்கிற இடம். நான் அவற்றைப் பெட்டியில் அடுக்குவேன். அவர் மெஷின்களைப் பார்த்துக்கொள்வார். ஏதாவது ஒரு மெஷின் நின்றால் உடனே நாலு பக்கத்திலிருந்தும் "அன்ரன்! அன்ரன்!" என்று கூப்பிடுவார்கள். கானா நாட்டுக்காரரும் கூப்பிடுவார், போலந்துப் பெண்ணும் கூப்பிடுவாள். அவர் துணியில் கையைத் துடைத்தபடி அவசரம் இல்லாமல் நடந்து வருவார். அந்த நடையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு கோடைகாலத்தில் எங்கள் எல்லோரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டார்கள். இதே சொக்கெற் சீனாவிலிருந்து இதைவிட மலிவாக வந்து இறங்குகிறதாம். இனி இங்கே செய்து கட்டுப்படியாகாதாம். நல்ல மெஷின்களைக் கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இடத்தைப் பூட்டப்போகிறார்கள். மனேஜர் தலையை நிமிர்த்தாமலே சொல்லி முடித்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற போலந்துப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மெஷின்களைக் கழற்றுகிற வேலையை அவரிடமே கொடுத்தார்கள். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியாது. ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, எண்ணெய் பூசி, மரப்பெட்டிக்குள் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தார். எங்கள் தமிழ்ப் பெடியன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, ஏன் இவ்வளவு கவனமாக் கட்டுறியள்? உடைஞ்சு போகட்டுமன்."

"அங்கை ஆரோ ஒருத்தன் இதை நம்பித்தானே வேலைக்கு வருவான். அவனிலை எனக்கென்ன கோவம்?" என்றார் அவர்.

அதே கிழமை, வேலை இழந்தவர்களுக்கு என்ன உதவி உண்டு என்று விளக்க அரசாங்க ஆட்கள் கன்ரீனுக்கு வந்தார்கள். புதுத் தொழில் படிக்கலாம், அதற்குச் செலவு அரசாங்கமே பார்க்கும் என்றார்கள். நாங்கள் எல்லோரும் போய்க் கேட்டோம். அவர் மட்டும் வரவில்லை, பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை பூட்டிய பிறகு அவர் கதைப்பது குறைந்தது. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பி யன்னலோரம் போய் இருந்துவிடுவார். ஜொப் சென்ரருக்குப் போவோம், வேலை இல்லாதவர்கள் எல்லோரும் பதிகிற அலுவலகம்தானே என்று நான் கெஞ்சினேன்.

"கை கால் நல்லா இருக்கிறவனுக்கு ஏன் அரசாங்கப் பெனிபிட் காசு? அது ஏலாத சனத்துக்கு."

"இவ்வளவு காலமும் வரி கட்டினனீங்கள்தானே அப்பா."

"என்னாலை ஏலாது ரெஜி. அந்தக் கதிரையிலை போய் இருக்க என்னாலை ஏலாது."

குளிர்காலத்தில் ஒரு நாள், பக்கத்து ஸ்ரேஷனான குட்மேய்ஸில் கடைக்குப் போய்விட்டு ரெயினில் திரும்பி வந்தேன். செவன் கிங்ஸில் இறங்கினால், மேடையின் கடைசியில் அவர் நிற்கிறார். அந்தக் குளிரில் ஜக்கெற் இல்லை. அடுத்த ரெயின் வருகிற திசையைப் பார்த்தபடி நிற்கிறார்.

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

"சும்மா நிண்டனான்."

"எங்கை போக?"

"ஒரு இடமும் இல்லை ரெஜி."

எனக்கு விளங்கிவிட்டது. சாமான் பையைக் கீழே போட்டுவிட்டு அவருடைய கையைப் பிடித்தேன். ஐஸ் போல இருந்தது. கலியாணம் கட்டிய இத்தனை காலத்தில் நாங்கள் தெருவில் கைபிடித்து நடந்ததில்லை. அன்று வீட்டுக் கதவு வரை விடவில்லை.

அடுத்த நாளே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து தந்தார்கள், கதைக்க ஆள் ஒழுங்கு செய்கிறோம் என்றார்கள். ஆனால் வீட்டில் அவர் யன்னலோரம் அப்படியேதான் இருந்தார். அப்போதுதான் என் செபம் மாறியது. அதுவரை தொழிற்சாலையைத் திரும்பத் திறக்கச் சொல்லித்தான் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அடுப்படியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன். "தாயே, காசு வேண்டாம். இந்த மனுசனை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரு தேவைக்காக ஒருவர் அவரைக் கூப்பிட வேண்டும். அது போதும்."

அந்தக் கிழமை, நான் பதிந்திருந்த ஜொப் சென்ரரில் எனக்கு ஒரு சந்திப்புக்குத் தவணை இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் என்ற வங்காளிப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம் கூட வயது இருக்கும். என்ன வேலை தெரியும் என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதும் அவரைப் பற்றித்தான் வந்தது. மெஷின், மரப்பெட்டி, ரெயில் மேடை எல்லாம் சொன்னேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். தன்னுடைய தகப்பனும் கோட் தைக்கிற இடத்தில் வேலை செய்தவராம். கோட்டுகள் வெளிநாட்டிலிருந்து வரத் தொடங்கியதும் அதையும் பூட்டிவிட்டார்களாம். "அப்பாவும் இப்படித்தான் யன்னலோரம் இருந்தார். அவரை யாரும் வந்து கேட்கவில்லை" என்றாள். பிறகு, "நான் உங்கள் கணவருடன் கதைக்கலாமா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரம், என்னால் எடுக்க முடியவில்லை. அவர் எழும்பி வந்து எடுத்தார். மறுபக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"மிஸ்டர் அன்ரன்?"

கத்தியைக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில்களையும் சக்கர நாற்காலிகளையும் திருத்தப் பழக்குகிற வகுப்பு ஒன்று தொடங்குகிறது, மெஷின் தெரிந்த ஒருவர் வேண்டும், வியாழக்கிழமை வருவீர்களா என்று அவள் கேட்டாள். அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தார். பிறகு, "யெஸ். ஐ கம்" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆரோ என்னைக் கேக்கினம் ரெஜி."

மீன் கையோடு அடுப்படி நிலத்தில் முழந்தாளிட்டேன்.

படிப்புச் செலவும் பயணச் செலவும் அரசாங்கம் பார்த்தது. வகுப்பில் மற்ற எல்லோரும் எங்கள் மகளின் வயது. பின்னேரங்களில் ஷெரின் இங்கிலிஷ் சொற்களைச் சொல்லிக் கொடுப்பாள், அவர் ஜேர்மன் உச்சரிப்போடு திருப்பிச் சொல்வார், மூன்று பேரும் சிரிப்போம். அந்த வீட்டில் திரும்பவும் சிரிப்புக் கேட்டது. அந்த வருடம் இலை கொட்டுகிற காலத்தில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. முதல் நாள் கிறீஸ் மணத்தோடு வந்து, கை கழுவி, புட்டும் மீன்குழம்பும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டேன். "நடக்க ஏலாத ஒரு கிழவி. கதிரையின்ரை பிரேக் பிடிக்கேல்லை. இப்ப பிடிக்குது" என்றார்.

ஒரு குளிர்காலம். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது. ஈஸ்டர், உயிர்ப்பு ஞாயிறு கழிந்து சில கிழமைகளில், வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தவர் எழும்பவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது முகத்தை மூடியிருந்தார்கள்.

சகோதரங்களே, நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குக் கடவுளோடு கோபம் வந்தது. பறிக்கிறதற்காகவா தந்தாய் என்று கேட்டேன். செபமாலையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அடக்கப் பூசைக்கு நஸ்ரின் தலையில் முக்காட்டோடு வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஆனால் செபம் வரவில்லை.

மாதங்கள் போயின. ஒரு நாள் அவருடைய உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஷெரின் சொன்னாள். "அம்மா, அண்டைக்கு அந்த ஸ்ரேஷனிலை அப்பா..." அதை முன்பே நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்; அவள் சேர்ட் ஒன்றை மடித்து வைத்தாள். பிறகு, "அப்பிடி நடந்திருந்தா நாங்கள் சாகிற வரைக்கும் ஏன் ஏன் எண்டு கேட்டுக்கொண்டிருந்திருப்பம். இப்ப நான் அப்பா சிரிச்சதைத்தான் நினைக்கிறன்" என்றாள்.

அன்று விளங்கியது. நான் அவருக்கு நீண்ட ஆயுள் கேட்கவில்லை. ஒருவர் அவரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். கூப்பிட்டார்கள். பட்டறையில் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டார்கள். கடைசியில் ஆண்டவர் கூப்பிட்டபோது, அவர் மனம் உடைந்து யன்னலோரம் இருக்கவில்லை, வேலையில் இருந்தார். என் நெஞ்சு இன்னும் ஆறவில்லை, அது ஆறாது. ஆனால் நன்றி சொல்லாமலும் என்னால் இருக்க முடியவில்லை. செபமாலை திரும்ப என் கையில் இருக்கிறது.

நஸ்ரின் சேர்த்துவிட்ட இங்கிலிஷ் வகுப்பை முடித்து, இப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். இந்தக் கூட்டத்திலும் வேலை இழந்து, வெட்கத்தில் வீட்டுக்குள் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். மனது இருண்டு போனவர்களும் இருப்பீர்கள். மாதாவிடம் கேளுங்கள். மனிதரிடமும் சொல்லுங்கள், மாதா மனிதர் மூலமாகத்தான் எனக்குப் பதில் தந்தார். தனியாகப் போக ஏலாவிட்டால் நான் கூட வருகிறேன். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பேன். என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நான் உங்கள் பெயரைக் கேட்பேன்.