நான் வாங்கிய பெரிய வெல்டிங் மெஷின்

போன வருஷம் அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். எங்கள் வீடு சங்கரன்கோவிலில் இருக்கிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். என் வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறார்.

மாடியில் பூந்தொட்டி வைக்க இரும்பு ஸ்டாண்டு செய்து தரச் சொல்லி ஒரு பட்டறையில் சொல்லி வைத்திருந்தோம். மூன்று மாதம் "நாளைக்கு வாரேன்" என்றே போனது. அந்த எரிச்சலில் போனில் வெல்டிங் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க, இது நம்மாலும் முடியும் என்று தோன்றியது. விலை குறைந்த மெஷின் ஒன்று வாங்கி முதலில் பழகிப் பார்ப்போம் என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவருமாக ராஜபாளையம் ரோட்டில் இருந்த ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விவரம் கேட்டது நான். அவர் பதில் சொன்னது முழுக்க என் வீட்டுக்காரரைப் பார்த்து. அதிலேயே எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்டா, பவர் பிளக் எங்கே இருக்கிறது, வேலை பார்க்கிற இடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று அவரிடமே கேட்டுவிட்டு, இருப்பதிலேயே சின்ன மெஷினை எடுத்து வைத்தார்.

"பழகுறதுக்கு இது போதும் அண்ணாச்சி. மெல்லிசு ராடு நல்லா ஓடும். மிச்சத் துட்டுக்கு நல்ல ஹெல்மெட்டும் தடிச்ச வயரும் வாங்கிக்கிடுங்க."

மெஷின் எனக்கு என்று தெரிந்ததால்தான் சின்னதைக் காட்டுகிறார் என்று நானாக முடிவு கட்டினேன். பக்கத்தில் பெரிய ஆம்பியர் எண் அச்சடித்த மெஷின் ஒன்று இருந்தது. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைத்தான் வேண்டும் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் பிசிக்ஸ் படிச்ச டீச்சர் அண்ணாச்சி" என்றேன். அவர் அந்த மெஷினையே இறக்கினார். கையில் பிடிக்கிற கறுப்புக் கண்ணாடி ஒன்றையும் இரும்பை ஒட்டவைக்க உருகுகிற ராடு பாக்கெட்டையும் சேர்த்துக் கட்டித் தந்தார்.

மறுநாள் மாடியில் வேலையை ஆரம்பித்தேன். பவர் பிளக் கீழே, வாஷிங் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மாடிக்குக் கரண்ட் இழுக்க வாங்கிய நீள எக்ஸ்டென்ஷன் ஒயர் வீட்டில் இருந்தது. மெஷினின் பெரிய பின் அதில் நுழையவில்லை. கடைத்தெருவுக்குப் போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்து மாட்டினேன். ஒயரில் பாதிதான் தேவைப்பட்டது. மீதிச் சுருளை, மாடிப்படித் திருப்பத்தில் மடித்துப் போட்டிருந்த மெத்தை மேல் வைத்தேன். அங்கே கிடந்த போர்வை அதன் மேல் சரிந்து மூடிக்கொண்டது.

ராடை வைத்தால் பொறி வரும், உடனே இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஆம்பியரைக் கூட்டினேன். மறுபடியும் ஒட்டியது. இன்னும் கூட்டினேன். அரை மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருப்பேன். ஏதோ கருகிய நாற்றம் வந்தது. வெல்டிங் என்றால் நாற்றம் வரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் மெஷினை மட்டும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டேன். ஒயரை எடுத்து வைக்கப் பொறுமை இல்லை.

திங்கட்கிழமை காலையில் கிளம்பும்போது, "ஆபீஸ்லருந்து வந்ததும் அந்த ஒயரைச் சுருட்டி வச்சிருங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். தறிப் பட்டறைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள். வகுப்பில் பேசுகிற அதே குரலில் பேசினேன்.

"ஒழுங்கா ஒரு பொறி வரல. பொம்பளைதானேன்னு பழைய மெஷினைத் தள்ளி விட்டியளா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் முகம் சிறுத்துப்போனது. மெஷினை எடுத்து, கடையிலிருந்த பிளக்கில் மாட்டி, ஒரு இரும்புத் துண்டில் ராடை இழுத்தார். கோடு போட்டது போல் வெல்டிங் விழுந்தது.

"வீட்டுல எதுல மாட்டுனிய டீச்சர்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த வயரு இப்ப எங்கன கெடக்கு?"

"மாடிப்படில, மெத்தை மேல."

"சுவிட்சை அமத்திட்டியளா?"

எனக்கு நினைவில்லை. யோசித்துப் பார்த்தேன், அணைத்த மாதிரியே தெரியவில்லை. வெல்டிங் நாற்றம் என்று நினைத்தது ஒயர் கருகிய நாற்றம் என்பதும், அதைச் சுருட்ட வீட்டுக்காரர் வருகிற நேரம் ஆகிவிட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. கடைக்காரர், வந்திருந்தவர்களில் ஒருவரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டெஸ்டரும் கட்டிங் பிளேயருமாக பைக்கை எடுத்தார். "முன்னால போங்க, நான் பின்னால வாரேன்" என்றார். அந்த ஐந்து நிமிஷம் நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். போன் சார்ஜில் கிடந்தது. "இதைக் குடிச்சிட்டு ஒயரை எடுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

கடைக்காரர் முதலில் மெயினை அணைத்தார். பிறகு படியேறி, போர்வையை விலக்கினார். சுருளின் உள்பக்கம் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தது. இரண்டு இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. அதைத் தூக்கியபோது அடியில் மெத்தை உறை ஒரு தட்டு அளவுக்குக் கருகியிருந்தது. கீழே போய்ப் பார்த்தால், சுவிட்ச் சனிக்கிழமையிலிருந்து போட்டபடியே இருந்திருக்கிறது.

மெல்லிய ஒயரில் அதிகக் கரண்ட் போனால் சூடாகும், சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியே போகாது. அந்த ஒயரிலேயே மின்னழுத்தம் குறைந்துபோவதால் மெஷினும் ஒழுங்காக ஓடாது. அவர் இதை விளக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம் அது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்காகும் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்பவள் நான்.

"அண்ணாச்சி, அத்தனை பேர் முன்னால அப்படிப் பேசிட்டேன்" என்றேன்.

"நானும் அன்னைக்கு வெவரமாச் சொல்லியிருக்கணும். டீச்சராச்சே, தப்பா எடுத்துக்கிடுவியளோன்னு விட்டுட்டேன்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "மெஷினும் சாருக்குத்தான்னு நெனச்சிட்டேன், அதான் அவர்கிட்டயே பேசிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ஆக, அவர் எனக்குச் சின்ன மெஷினைக் காட்டவே இல்லை. என் வீட்டுக் கரண்டுக்குத்தான் காட்டியிருக்கிறார்.

மறுநாள் கடைக்குப் போனேன். முந்தின நாள் நின்றவர்கள் யாரும் இல்லை, வேறு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்தும், அவர்கள் காதில் விழும்படியே, தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். அவர் கூச்சப்பட்டு, "இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே சின்ன மெஷினை இறக்கினார். பெரியதில் கீறல் விழுந்திருந்தும் திரும்ப எடுத்துக்கொண்டார். தடித்த ஒயரை நான் சொன்ன நீளத்துக்கு அளந்து வெட்டினார். இந்த முறை ஹெல்மெட்டை என் தலையில்தான் மாட்டிப் பார்த்தார்.

ஸ்டாண்டு செய்து முடிக்க நாலு மாதம் ஆனது. ஒரு கால் இன்னும் லேசாக ஆடுகிறது.

வெல்டிங் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குப் பிறகு, யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்டால், இவர் என்னை என்னவென்று நினைத்து இப்படிக் கேட்கிறார் என்று யோசிப்பதற்கு முன்னால், கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகுகிறேன். வெல்டிங்கை விட இதுதான் கஷ்டமாக இருக்கிறது.