பட்டு நூலில் தைத்த அலகுப் பை

அடிபட்ட பறவையோ விலங்கோ கண்ணில் பட்டால் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவேன். தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவனுக்கு இது எதற்கு என்று ஆரணியில் எங்கள் தெருவே கேட்டது. ஆமை, ஆந்தை, கால் ஒடிந்த முயல் என்று பல வந்தன. சில பிழைத்தன, சில என் கையிலேயே போயின.

ஒரு பங்குனியில் ஏரிக்கரையோரம் ஒரு கூழைக்கடா குந்தியிருந்தது. நெருங்கியும் பறக்கவில்லை. அலகுக்குக் கீழே தொங்கும் பை ஒரு சாண் நீளம் கிழிந்திருந்தது. மீனைக் கவ்வினால் கிழிசல் வழியாக நழுவிவிடும். எத்தனை நாள் பட்டினியோ, அவ்வளவு பெரிய பறவை கையில் கனக்கவே இல்லை.

"இன்னாங்க இது? ஆந்தை போயி ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள இதுவா?" என்றாள் மனைவி.

கிழிசலை விரித்துக் காட்டினேன். உள்ளே போய் ஊசியோடு வந்தாள். "நான் தைக்கிறேன். தலைய கெட்டியா புடிச்சிகினு குந்துங்க."

பட்டு நூலை முறுக்கித் தைத்தாள். மூன்றாம் நாள் ஓரம் கிழிந்து தையல் விட்டுப்போனது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள், ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சுப் போட்டாள். அது நின்றது.

பக்கத்து வீட்டு நெசவாளர் வந்தார். "மீன் நாத்தம் பொடவையில ஏறிச்சின்னா எவன் வாங்குவான்? ஜல்தி வேற எடம் பாருங்க."

அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத் தெரிந்த சமணக் குடியானவர் ஒருவர் தன் கிணற்றடியில் இடம் தந்தார். "பறவை இருக்கட்டும். மீனை மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க" என்றார். அவர் வயலுக்குப் போன பிறகே மீன் கூடையைத் திறப்பேன்.

புண் ஆறியதும் நூலை வெட்டி எடுத்தோம். எங்கள் ஏரி வற்றியிருந்ததால், பெரணமல்லூர்ப் பக்கம் தண்ணீர் இருந்த ஏரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனோம். தூரத்தில் அதன் இனம் கூட்டமாக இருந்தது. எங்களுடையதோ கரையருகிலேயே மிதந்தது.

"வாங்க, போலாம். நாம நிக்கிற வரைக்கும் நம்மளையே பார்த்துகினு இருக்கும்" என்றாள் மனைவி.

கரைமேல் ஏறித் திரும்பினேன். கூழைக்கடா அலகை முக்கி எடுத்து அண்ணாந்தது. மீன் நழுவவில்லை; அதன் தொண்டை ஏறி இறங்கியது. மனைவி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் போனபோது கூட்டமே அங்கில்லை. நேற்றுத்தான் ஒன்றுகூடத் தங்காமல் எல்லாம் ஒன்றாய்க் கிளம்பின என்றார் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்.