பத்துக்கு எத்தனை மார்க், சார்?

பழைய கார் கடையில் காரை விற்பது சுலபம், விற்ற பிறகு போன் போடுவதுதான் கொடுமை. அந்தக் கொடுமைக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஓசூரில் கடை. கார் கைமாறி மூன்று மாதம் ஆனதும் வாங்கியவருக்குப் போன் போட்டு, "வண்டி எப்படி ஓடுது, பத்துக்கு எத்தனை மார்க் தருவீங்க?" என்று கேட்க வேண்டும். ஒன்பது என்றால் கெஞ்சிக் கூத்தாடிப் பத்தாக்க வேண்டும். ஓனர் உத்தரவு. இந்தக் கெஞ்சலைக் கேட்டு எரிச்சலான கார்க்காரர்களே, எனக்கும் எரிச்சல்தான்.

எந்தக் கம்பெனி கார் உழைக்கும் என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். பேரைச் சொன்னால் வேலை போய்விடும். கடையில் நாங்கள் வைத்திருக்கிற பட்டப்பெயர்களைச் சொல்கிறேன்: மைலேஜ் கம்பெனி, ஷோக்கு கம்பெனி, இரும்புக் கம்பெனி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைப் பெற்ற அத்தாவின் காரும் இந்தக் கடையில்தான் விற்றது. ஃபேக்டரி ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிய வண்டி. சர்க்கரையில் அத்தாவுக்குக் கண் மங்கியது. வண்டி போனது. பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு நான் இங்கே வந்தேன். விற்கிற அன்று அத்தா ஓனரிடம், "வாங்கறவருக்குப் பிடிக்கலன்னா வேற யாருக்கும் தள்ளிடாதீங்க, நானே திருப்பி எடுத்துக்கறேன்" என்றார். பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அத்தா அதைக் காதில் வாங்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரே கேள்விதான்: "நம்ம வண்டிக்குப் போன் போடற நாள் வந்திருச்சா?"

மைலேஜ் கம்பெனி

இந்தக் காரைப் பற்றிக் குறை சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர், இங்கே ஃபேக்டரியில் வேலை, ஊருக்குப் போய்வர வாங்கியிருந்தார். "வழியில எங்கயாவது நின்னுச்சா சார்?" என்று கேட்டேன்.

ஊரில் அவர் அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்ததாம். ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்ததாம். நான் மார்க் கேட்கவில்லை. அவராகவே பத்து என்றார். பிறகு சொன்னார்: "வண்டி ஒரு எடத்துலயும் நிக்கல தாயி. லீவுக்காக நாந்தான் ரெண்டு நாளு சூப்பர்வைசர் முன்னால நின்னேன்."

ஷோக்கு கம்பெனி

மேலே திறக்கிற கண்ணாடி, உள்ளே நீல விளக்கு, பெரிய டிவி. எல்லாம் இருக்கும், கூடவே இன்ஜின் லைட்டும் எரியும். கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரர் ஒருவருக்கு அது வாங்கிய வாரத்திலேயே எரிந்திருக்கிறது. மூன்று மெக்கானிக் பார்த்தும் அணையவில்லை. திட்டு வாங்கத் தயாராகத்தான் போன் போட்டேன். மனிதர் பத்து மார்க் கொடுத்தார். எனக்கே சந்தேகம் வந்து, "லைட் அணைஞ்சிருச்சுங்களா?" என்றேன்.

"ஏனூ தொந்தரே இல்லம்மா, அது மேல மாதேஸ்வரன் சாமி ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்!"

இரும்புக் கம்பெனி

கனம், சத்தம், பெட்ரோல் குடி. ஆனால் சாகாது. அத்தாவின் வண்டி இதுதான். போன் போடும் நாள் வந்தது. பக்கத்து சீட் லட்சுமி அக்கா, "நான் பேசட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

வாங்கியவர் உத்தனப்பள்ளி விவசாயி. பின் சீட்டை மடித்துத் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறார், காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார். "ஏசி கம்மியா இருக்குமே?" என்றேன். ஏசியே போடுவதில்லையாம். "கிளட்ச் கால் வலிக்குமே?" டிராக்டர் ஓட்டுகிற காலாம். பத்து வாங்கக் கெஞ்சுகிற நான், அன்று ஒரு குறைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"பின்னாடி இடது பக்கக் கண்ணாடி இறங்காதுங்களே?" என்று கடைசியாகக் கேட்டேன். "அது உனக்கெப்படித் தெரியும்?" என்றார். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் நான் ஸ்கூலுக்குப் போனேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவரே சிரித்துக்கொண்டு, இறங்காததும் நல்லதுதான், சின்னவன் தலையை வெளியே நீட்டுவதில்லை என்றார்.

"பத்து போட்டுக்க கண்ணு. வித்த புண்ணியவான் யாரோ, அவர்கிட்ட சொல்லு, இத நான் யாருக்கும் விக்க மாட்டேன்னு."

அத்தா

அத்தா வீட்டுக்கு வெளியே சேர் போட்டு உட்கார்ந்து, ரோட்டில் போகும் வண்டியின் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பெனி என்று சொல்வார். தப்பவே தப்பாது. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. போனதும் சொன்னேன்: "பேசிட்டேன் அத்தா. பத்துக்குப் பத்து. விக்கவே மாட்டாராம்."

அவர் முகம் மலர்ந்தது. "யார் ஓட்டின வண்டி அது!" என்றார். ரோட்டில் ஒரு கார் போனது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. இன்னொன்று போனது. அதற்கும் சொல்லவில்லை. நான் தட்டம் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தபோது ரோட்டுப் பக்கமே பார்த்தபடி சொன்னார்:

"ஒம்பது போட்டிருக்கலாம்மா, அந்த மனுஷன்."

எந்தக் கம்பெனி கார் நல்ல கார் என்று இன்னமும் கேட்பவர்களுக்கு என் பதில்: நல்ல கார் வழியில் நிற்காது, விற்றால் திரும்பியும் வராது.